சோம்பேறி என்று யாரைச் சொல்கிறீர்கள்?

"கொரோனாதான் போய்விட்டதே, இன்னும் என்ன களைப்பு?"

தோழர்களே, தாய்மார்களே! இந்தக் கேள்வி கேட்கப்படாத தோட்டமோ, தொழிற்கூடமோ, வீடோ நமது எல்லைப் பகுதியில் உண்டா? மூணாறு மலையில் சூப்பர்வைசர் கேட்கிறார். உடும்பன்சோலை ஏலக்காட்டில் மேஸ்திரி கேட்கிறார். கஞ்சிக்கோட்டில் ஒப்பந்தக்காரர் கேட்கிறார். கொழிஞ்சாம்பாறையிலும் கோவிந்தாபுரத்திலும் மாமியார் கேட்கிறார், கட்டிய கணவன் கேட்கிறான். வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், நமது சங்கத்துக்காரர்களே கேட்கிறார்கள். அப்படிக் கேட்டவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் இதை எழுத வேண்டியதாயிற்று.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக் கொள்வோம். 2023 மே 5-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் கொரோனா தொடர்பான சர்வதேச அவசர நிலையை முடித்துக் கொண்டது. முடிந்தது அவசர நிலைதான், நோய் அல்ல. அதற்கு முன்பே, 2021 அக்டோபர் 6-ஆம் தேதி, அதே நிறுவனம் இன்னொன்றையும் எழுதி வைத்தது. கொரோனா கண்ட ஒருவருக்கு, கண்ட நாளிலிருந்து மூன்று மாதம் கழித்தும் உபாதைகள் இருந்து, அவை இரண்டு மாதமாவது நீடித்து, வேறு எந்த நோயாலும் அவற்றுக்குக் காரணம் சொல்ல முடியாவிட்டால், அது கொரோனாவுக்குப் பிந்தைய நோய் நிலை; அதற்குத் தனிப் பெயர் உண்டு, யு-09 என்று தனிக் குறியீட்டு எண்ணும் உண்டு. அந்த உபாதைகளில் முன்னால் நிற்பவை மூன்று: களைப்பு, மூச்சிரைப்பு, புத்தி மந்தம். கடைசியாகச் சொன்னதை ஆங்கிலப் பத்திரிகைகள் மூளை மூட்டம் என்று எழுதுகின்றன. மலையில் இருக்கும் நமக்கு மூட்டம் என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனி ஆடியில் போடிமெட்டில் நின்றால் பத்தடி தூரத்தில் வரும் ஜீப்பு தெரியாதே, அதுவே தலைக்குள் இறங்கினால் எப்படியிருக்கும்?

எப்படியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். 2021 மே மாதம் இரண்டாம் அலையில் எனக்கு நோய் கண்டது. ரயில்வேயில் அப்போது நாளொன்றுக்கு ஆயிரம் பேர் வரை நோயில் விழுந்து கொண்டிருந்தார்கள். 2020 மார்ச் முதல் 1,952 ஊழியர்கள் மாண்டு போனதாக அந்த மே மாதத்தில் ரயில்வே போர்டின் தலைவரே சொன்னார். நான் பிழைத்தேன். பதினேழாம் நாள் வேலைக்குத் திரும்பினேன். டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தால், இருபது வருடமாக வாயில் இருந்த ஸ்டேஷன் குறியீடுகள் நினைவுக்கு வரவில்லை. பொள்ளாச்சிக்குக் கேட்டவருக்குப் பொள்ளாச்சியா, பழனியா என்று மறுபடி கேட்டேன். ஐந்நூறு ரூபாய்த் தாளை வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டு, வாங்கினேனா இல்லையா என்று விழித்தேன். ஒரே மாதத்தில் நான்கு முறை கணக்கு இடித்தது; நான்கு முறையும் கைக்காசைப் போட்டுக் கட்டினேன். வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றும் போதே படுத்துவிடுவேன். தூங்கி எழுந்தால் களைப்பு போக வேண்டும் அல்லவா? போகாது. மாடிப்படி பன்னிரண்டு ஏறினால் மறுநாள் காலை எழ முடியாது. மேலதிகாரி ஒருவர், பெயர் வேண்டாம், "எல்லாருக்கும்தான் வந்தது, உமக்கு மட்டும் என்ன?" என்றார்.

ஆனாலும், தோழர்களே, எனக்கு விடுப்பு இருந்தது. ரயில்வேயில் ஆண்டுக்கு 20 நாள் அரைச் சம்பள விடுப்பு கணக்கில் சேரும். மருத்துவச் சான்று கொடுத்தால் அதையே பாதி நாளுக்கு முழுச் சம்பள விடுப்பாக மாற்றிக் கொள்ளலாம். இரண்டு பத்தாண்டு சேர்த்து வைத்திருந்தேன். மூன்று மாதம் படுத்தேன். சம்பளம் வந்தது. பிறகும் ஓராண்டு கூட்டமில்லாத கவுண்டரில், தோழர்கள் பார்த்துக் கொள்ள, தட்டுத் தடுமாறி ஓட்டினேன்.

அதே மே மாதம், அதே வைரஸ், என் பெரியம்மா மகளுக்கும் வந்தது. தேவிகுளம் தாலுகாவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். ஒரே அறை, ஒரு அடுப்படி, ஒரு திண்ணை கொண்ட லயத்து வீடு, ஆறு பேர். 'தனிமைப்படுத்திக் கொள்ளுங்கள்' என்று சர்க்கார் விளம்பரம் சொன்னபோது அக்கா கேட்டார்: "தம்பி, அடுப்புக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?"

மூன்றாவது வாரம் மலைக்குப் போனார். போகாவிட்டால் பேர் விழாது. அந்த ஆடி மாதம் நான் போய்ப் பார்த்தபோது என்னைத் திண்ணையில் உட்கார வைத்து, உள்ளே யாருக்கும் கேட்காதபடி சொன்னார்: "எனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சோன்னு பயமா இருக்குடா. நெறை மாறி நிக்கிறேன். போன வாரம் என் நெறையை விட்டுட்டு அடுத்தவ நெறையில எடுத்துக்கிட்டு இருந்திருக்கேன், அவ வந்து கையைப் புடிச்சு இழுத்த பிறகுதான் தெரிஞ்சுது. சோத்துல ரெண்டு தரம் உப்புப் போடுறேன். சின்னவ பேரு வாயில வரமாட்டேங்குது, பெத்த புள்ள பேரு!" முப்பது வருடம் அந்த மலையில் கண்ணை மூடிக்கொண்டு நடந்தவர் அவர்.

அவர் எடுத்த கொழுந்து குறைந்தது. கிலோ குறைந்தால் கூடுதல் கிலோவுக்கு வரும் காசு போயிற்று. பிறகு அன்றைய அளவே நிரம்பவில்லை. ஒரு நாள் போனால் இரண்டு நாள் படுக்கை. சூப்பர்வைசர் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "மடியாணு" என்றார்.

மலையாளத்தில் மடி என்றால் சோம்பல். நமக்கு மடி என்றால் சாதல். (வள்ளுவர் காலத்தில் தமிழிலும் சோம்பல்தான், மடியின்மை என்று ஒரு அதிகாரமே உண்டு. அந்தச் சொல்லை மலையாளி பத்திரமாக வைத்துக் கொண்டான்.) எனக்கு வந்ததும் அக்காவுக்கு வந்ததும் ஒரே நோய். எனக்கு விடுப்புக் கணக்கு இருந்ததால் அதற்கு நோய் என்று பெயர். அக்காவுக்கு விடுப்பு இல்லாததால் அதற்கு மடி என்று பெயர்! டாக்டர்கள் வைக்கும் பெயரைப் பிறகு பார்ப்போம். உழைக்கிறவன் நோய்க்கு முதலில் பெயர் வைப்பது சம்பளப் புத்தகம்தான்.

இந்த நோயின் குணம் ஒன்றை நாம் புரிந்து கொண்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் நம்மை நாமே சோம்பேறி என்று நம்பிவிடுவோம். சாதாரணக் களைப்பு வேலை செய்யும்போதே வரும், ஓய்ந்தால் போகும். இந்தக் களைப்பு அப்படியல்ல. இன்று செய்த வேலைக்கான கூலி உடம்பில் நாளையோ, நாளை மறுநாளோதான் இறங்கும். பன்னிரண்டு மணி முதல் நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்து ஆளையே கவிழ்த்துப் போடும். கவிழ்ந்தால் சில நாள், சில வாரம். உடல் வேலைதான் என்றில்லை; சண்டை போட்டாலும், மனக்கணக்கு அதிகம் போட்டாலும் அதே கதிதான். வைரஸின் மிச்சம் உடம்பில் தங்குவது, உடலின் எதிர்ப்புச் சக்தி அடங்காமல் கொதித்துக் கொண்டே இருப்பது, நுண்ணிய ரத்தக் குழாய்களின் கோளாறு, இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் தானாக இயக்கும் நரம்புகளின் கோளாறு என்று ஆராய்ச்சியாளர்கள் பல காரணங்களை ஆராய்கிறார்கள். அது அவர்கள் வேலை. நமக்கு வேண்டியது இது: திங்கட்கிழமை நன்றாகக் கொழுந்து எடுத்த பெண், புதன்கிழமை எழ முடியாமல் கிடந்தால், அது நடிப்பு அல்ல. அதுதான் நோய்.

ஆனால் சம்பளப் புத்தகத்துக்கு இது எப்படித் தெரியும்? "திங்கட்கிழமை எடுத்தாயே, புதன்கிழமை என்ன?" என்றுதான் அது கேட்கும். எடையை வைத்துக் கூலி பேசும் ஏற்பாடும் இந்த நோயும் நேருக்கு நேர் விரோதிகள். முடிகிற நாளில் முக்கி முனகி அளவை நிரப்பு என்று விரட்டுகிறது ஏற்பாடு; அப்படி முக்கினால் மூன்று நாள் படுக்க வைக்கிறது நோய். 2015 செப்டம்பரில் பொம்பிளை ஒருமைப் பெண்கள் மூணாறு ரோட்டில் உட்கார்ந்த போது நாட்கூலி 232 ரூபாய், நாளளவு 21 கிலோ. 20 விழுக்காடு போனஸை மீட்டு வந்த அந்தப் பெண்களில் பலருக்கு 2021-இல் ஐம்பதை ஒட்டிய வயது. கட்சிக் கொடிகளை ஓரமாக நிற்கச் சொன்ன கைகள் இன்று கூடையைத் தூக்கத் தயங்கினால், அதற்குக் காரணம் மடியாம்!

சர்க்கார்களின் சங்கதிக்கு வருவோம். 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் முன் ஒரு கணக்கு முடிவாயிற்று: நோய் உறுதியான நாளிலிருந்து 30 நாளுக்குள் இறந்தால் அது கொரோனா மரணம், குடும்பத்துக்கு 50,000 ரூபாய். கேரள அரசு ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 5,000 வீதம் மூன்றாண்டு தருவதாகவும் அறிவித்தது. ஈ.எஸ்.ஐ. கழகம் 2021-இல் கொண்டு வந்த கொரோனா நிவாரணத் திட்டமும் இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்கே. இவற்றை நான் குறை சொல்லவில்லை. இழவு வீட்டுக்குக் கொடுத்ததைக் கணக்குப் பார்க்கிறவன் மனிதனல்ல. ஆனால் சாகாமல், பாதி உயிரோடு, பாதி வேலையோடு, பாதி நினைவோடு நிற்கிறவருக்கு எந்தப் பத்தி, எந்தப் படிவம்? செத்தால் ஒரு தொகை. பிழைத்துத் தளர்ந்தால் ஒரு வசவு. இதுதான் நிலைமை!

செத்தவரிலும் ஒரு தராசு உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். கொரோனா உச்சத்தில், 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு, பெட்டிமுடி லயங்களின் மேல் மலை சரிந்து 70 பேர் போனார்கள். கயத்தாறு பக்கத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக வந்த நம் சனம். மறுநாள் கரிப்பூரில் விமானம் விழுந்தது. விமானத்தில் இறந்தவருக்கு 10 இலட்சம், லயத்தில் இறந்தவருக்கு 5 இலட்சம் என்றல்லவா அறிவித்தார்கள்? உயிருக்கே பாதி விலை என்னும்போது, களைப்புக்கு என்ன விலை வைப்பார்கள்?

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்தியாவிலேயே முதலில் விழித்துக் கொண்ட மாநிலங்களில் கேரளம் ஒன்று. 2020-இன் கடைசியிலேயே ஆரம்ப சுகாதார நிலையங்களில் கொரோனாவுக்குப் பிந்தைய கிளினிக்குகளைத் திறக்க உத்தரவிட்டார்கள். நல்ல காரியம். எப்போது தெரியுமா? வியாழக்கிழமை, பகல் 12 மணி முதல் 2 மணி வரை! அந்த நேரத்தில் கொழுந்துக்காரி எங்கே இருப்பாள்? மலை உச்சியில், எடைக்கு முன்னால். இறங்கி வந்தால் அரை நாள் கூலி போயிற்று. பஸ்ஸோ ஜீப்போ பிடித்தால் மீதி அரை நாள் கூலியும் போயிற்று. நல்ல மனதோடு திறந்த கதவுதான். திறந்தவர் யார் வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்துத் திறந்தார் என்பதுதான் கேள்வி. போதாக்குறைக்கு 2021 ஆகஸ்டில், வறுமைக் கோட்டுக்கு மேற்பட்ட அட்டை வைத்திருப்பவர்கள் அரசு ஆஸ்பத்திரியில் கொரோனாவுக்குப் பிந்தைய சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டும் என்று ஓர் உத்தரவு போட்டார்கள். பொது வார்டுக் கட்டிலுக்கே நாளொன்றுக்கு 750 ரூபாய். கேரள உயர் நீதிமன்றம் அந்த அக்டோபரில் கேட்டது நினைவிருக்கிறதா? முப்பது நாளுக்குள் இறந்தால் கொரோனா மரணம் என்கிறீர்கள். அதே முப்பது நாளில் சிகிச்சைக்கு மட்டும் ஏன் காசு? இதைத்தான் நாமும் கேட்கிறோம். எத்தனை நிரந்தரத் தொழிலாளர் குடும்பங்களில், ஒருவருக்கு மாதச் சம்பளம் என்ற ஒரே காரணத்துக்காக, மேல்தட்டு அட்டையைக் கையில் திணித்திருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

கம்பத்திலிருந்தும் தேவாரத்திலிருந்தும் அன்றாடம் ஜீப்பில் அடைத்துக் கொண்டு ஏலக்காட்டுக்கு ஏறி இறங்கும் பெண்களின் கதி இதைவிட மோசம். ரேஷன் அட்டை அந்தப் பக்கம், வேலை இந்தப் பக்கம். மெட்டுக்கு மேலே "உங்கள் ஊரில் காட்டுங்கள்" என்பார்கள். கீழே போனால் "கேரளாவில் வேலை, அங்கே காட்டக் கூடாதா?" என்பார்கள். 2020 மே மாதம் வாளையாரில் பாஸ் இல்லை என்று குழந்தை குட்டிகளோடு மனிதர்களை வெயிலில் நிறுத்தினார்கள். உயர் நீதிமன்றம் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து விசாரிக்க வேண்டியதாயிற்று. 2021 ஆகஸ்ட் 5 முதல் தமிழ்நாடு தன் பங்குக்குக் கேரளத்திலிருந்து வருபவரிடம் பரிசோதனைச் சான்று அல்லது இரண்டு ஊசிச் சான்று கேட்டது. மூக்கில் குச்சி விட்டுப் பார்க்க இரு சர்க்காருக்கும் நம்மேல் அத்தனை உரிமை இருந்தது. அதற்குப் பிறகு நம் உடம்பு என்னவாயிற்று என்று கேட்க மட்டும் எவருக்கும் எல்லை தாண்ட மனம் வரவில்லை.

மொழி வேறு குறுக்கே நிற்கிறது. "தலை மந்தமா இருக்கு, சொல்ல வந்தது மறந்து போகுது, உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி" என்று அக்கா சொன்னார். சீட்டில் எழுதியது ஒரே சொல்: க்ஷீணம். மறதியும் போயிற்று, நெறை மாறியதும் போயிற்று, பிள்ளை பெயர் மறந்ததும் போயிற்று. கையில் கிடைத்தது சத்து மாத்திரை. டாக்டரைப் பழிக்க மாட்டேன். வரிசையில் எண்பது பேர். புரிந்து கொள்ளாதவனிடம் நோயைச் சொல்ல முழுத் தெம்பு வேண்டும். நோயே தெம்பைத்தான் தின்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். கொரோனா கண்ட நூறு பேரில் ஏறத்தாழ ஆறு பேருக்கு இந்தப் பிந்தைய நிலை வருகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. கேரளத்தில் பதிவானவர்களே 68 இலட்சத்துக்கு மேல். பெருக்கிப் பாருங்கள், நான்கு இலட்சம் வருகிறது. அத்தனை பேரும் இன்றும் படுத்திருக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை; பலர் மாதக்கணக்கில் தேறிவிட்டார்கள், நானே முக்கால்வாசி தேறினேன். ஆனால் பிரிட்டனில் புள்ளிவிவர அலுவலகம் மக்களைக் கேட்டு, 2024 மார்ச்சு நிலவரப்படி இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் 20 இலட்சம் பேர் இந்த உபாதையைச் சொல்கிறார்கள் என்று எழுதி வைத்தது. நமது லயங்களில் எவராவது வந்து கேட்டார்களா? நான் கால் வைத்த லயங்களில் "ஆம், கேட்டார்கள்" என்று சொன்ன ஒரு வீடு இல்லை.

ஸ்காட்லாந்தில் நடந்ததையும் சொல்கிறேன். 2001 முதல் வேலை பார்த்த ஒரு கட்டடக் காவலர். 2020 நவம்பரில் கொரோனா. பிறகு குளித்து உடுத்தினாலே படுக்க வேண்டிய களைப்பு. ஒரு நாள் தேவலை, மறுநாள் மோசம். வேலையிலிருந்து நீக்கினார்கள். 2022-இல் தொழில் தீர்ப்பாயம் என்ன சொன்னது தெரியுமா? இது சட்டப்படி ஊனம். ஏறி இறங்கும் நோய் என்பதால் பொய்யாகிவிடாது. இல்லாத நோயைச் சொல்ல அவருக்கு ஒரு லாபமும் இல்லை. அமெரிக்க அரசும் 2021 ஜூலையிலேயே, இந்நோய் ஊனமுற்றோர் சட்டத்துக்குள் வரக்கூடும் என்று வழிகாட்டியது. நமது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 21 வகைகள் உண்டு. இது அதில் இல்லை.

இனி நம்மைப் பற்றி. நமது சங்கத்தின் கூட்டத்தில், 2020 கடைசியில், ஏலக்காட்டுத் தோழர் ஒருவர் எழுந்து "முன்ன மாதிரி முடியல, நோட்டீசு ஒட்டுற வேலையைக் கொஞ்ச நாள் வேற யாருக்காவது குடுங்க" என்றார். நான் மேடையில் இருந்தேன். "தோழருக்குக் கொரோனா கால் வழியாகப் போய் ஆசனத்தில் ஒட்டிக் கொண்டது போலிருக்கிறது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்த கூட்டத்துக்கும் வரவில்லை. எனக்கே நோய் வந்து, பெற்ற பிள்ளையின் பள்ளிக்கூடப் பெயரை மறந்து நின்ற பிறகுதான் அவர் வீட்டைத் தேடிப் போனேன். அவர் ஒன்றும் கோபிக்கவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. 2007-இல் சிக்குன்குனியா வந்தபோது இதே இடுக்கியில் காய்ச்சல் போன பிறகும் மாதக்கணக்கில் மூட்டைப் பிடித்துக் கொண்டு மனிதர்கள் நொண்டினார்களே, அப்போதே நாம் பாடம் கற்றிருக்க வேண்டும். மூட்டு வீங்கினால் கண்ணுக்குத் தெரியும், நம்பினோம். மறதி வீங்குமா?

சரி, உடம்புக்கு என்ன செய்வது? எனக்குச் சொல்லப்பட்டதையும் நான் பழகியதையும் எழுதுகிறேன். முதலில், எல்லாக் களைப்பும் கொரோனா அல்ல. நமது பெண்களில் ரத்தச் சோகை எத்தனை என்று சொல்லத் தேவையில்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு மூன்றையும் பார்த்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் சளிப் பரிசோதனை கட்டாயம்; காசநோயைக் கொரோனாக் களைப்பு என்று எண்ணி விட்டுவிட்டால் உயிருக்கு ஆபத்து, பக்கத்து வீட்டுக்கும் ஆபத்து. நெஞ்சு வலி, படுத்திருக்கும்போதே மூச்சு முட்டல், திடீரென்று கை கால் வராமை, வாய் கோணல் என்றால் காத்திருக்கக் கூடாது, அன்றே ஆஸ்பத்திரி. இவையெல்லாம் இல்லை என்றான பிறகுதான் மற்றது.

மற்றதற்கு ஒரே ஊசியில் போகும் மருந்து கிடையாது. ஆகவே, வாராவாரம் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிக் கொள்வதும், டவுனில் டப்பா டப்பாவாக எதிர்ப்புச் சக்திப் பொடி வாங்குவதும் காசுக்குப் பிடித்த கேடு. ஒரு பாட்டில் ஏறிய அன்று தெம்பாக இருக்கும். அந்தத் தெம்பில் இரண்டு நாள் வேலையை ஒரே நாளில் செய்வீர்கள். மூன்றாம் நாள் என்ன ஆகும் என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

நான் கேஷ் எண்ணுகிறவன், என் பாஷையில் சொல்கிறேன். காலையில் எழும்போது உங்களுக்கு ஒரு கையிருப்பு உண்டு; முன்பு நூறு என்றால் இப்போது நாற்பது. நாற்பதுக்கு மேல் செலவழித்தால் கடன். வட்டியோடு மறுநாள் பிடித்துக் கொள்வான். ஆகவே முப்பதோடு நிறுத்துங்கள். முடிகிறது என்று தோன்றும் நாளில்தான் முக்கியமாக நிறுத்த வேண்டும். களைத்த பிறகு உட்காராதீர்கள், களைப்பதற்கு முன்பே உட்காருங்கள். காய் நறுக்குவதும் துணி மடிப்பதும் உட்கார்ந்தே ஆகட்டும். தண்ணீர் சுமப்பதும் துவைப்பதும் ஒரே நாளில் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட சுயபராமரிப்புக் கையேட்டிலும் இதுதான் சாரம்: வேகத்தை அளந்து கொள், முட்டி மோதாதே. "நடந்தால் சரியாகும், ஓடினால் சரியாகும்" என்று உபதேசிப்பவர்களுக்கு, வேலை செய்த மறுநாள் கவிழ்கிற உடம்புக்கு அது பொருந்தாது என்று பணிவாகச் சொல்லுங்கள்.

மறதிக்கு வெட்கப்படாதீர்கள். ஒரு நாற்பது பக்க நோட்டும் பென்சிலும் போதும். அடுப்புப் பற்ற வைத்தால் ஒரு கோடு, அணைத்தால் அதன்மேல் குறுக்குக் கோடு. எழுதத் தெரியாதவரும் செய்யலாம். ஒரு நேரத்தில் ஒரே வேலை. பேச்சுக் கொடுத்துக் கொண்டே சில்லறை எண்ணாதீர்கள். நான் அப்படித்தான் நான்கு முறை கைக்காசு போட்டேன். மலையில் அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார்: தன் நெறையின் தலைச்செடியில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டி வைக்கிறார். எந்த டாக்டரும் எழுதித் தராத மருந்து!

ஆண்களே, உங்களுக்குத் தனியாக ஒரு சொல். மலையில் எட்டு மணி நேரம் கூலிக்கு. வீட்டில் மீதி நேரம் கூலியில்லாமல். கையிருப்பு நாற்பதில் முப்பதை நிர்வாகம் எடுத்துக் கொள்கிறது, மீதிப் பத்தை நீங்கள் எடுத்துக் கொள்கிறீர்கள். உங்கள் தட்டை நீங்கள் கழுவினால் சங்கம் ஒன்றும் உடைந்து போகாது.

காகிதத்துக்கு வருவோம்; இதில்தான் நாம் ஏமாறுகிறோம். முடியாத நாளில் சும்மா வீட்டில் படுக்காதீர்கள். சீட்டு வாங்குங்கள். டாக்டரிடம் "க்ஷீணம்" என்பதோடு விடாமல், கொரோனா எந்த மாதம் வந்தது, அதற்குப் பிறகு என்னென்ன என்று எழுதச் சொல்லுங்கள். யு-09 என்ற எண்ணைக் கேளுங்கள். ஏன் இந்தப் பிடிவாதம்? 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி நோயால் வராத நாள் தொடர்ச்சியான வேலையை உடைக்காது. புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அந்த விதி அப்படியே இருக்கிறது. நோய் என்பதற்குச் சீட்டு இல்லாவிட்டால் அது வெறும் 'வரவில்லை' ஆகிவிடும். முப்பது வருட உழைப்பைப் பத்தாகப் பேசுவார்கள். கஞ்சிக்கோட்டில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கப்படும் தோழர்களுக்கு ஆண்டில் 91 நாள் வரை 70 விழுக்காடு சுகவீனப்படி உண்டு. ஒப்பந்தக்காரர் உண்மையில் பணம் கட்டுகிறாரா என்று முதலில் பாருங்கள். தோட்டத்துக்கு அது இல்லை. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், டாக்டர் சான்று தந்த நோய்க்கு முதலாளி படி தர வேண்டும் என்றது. 2025 நவம்பர் 21-ஆம் தேதி நான்கு தொகுப்புச் சட்டங்களை அமலாக்கிய மத்திய அரசு, அந்தச் சட்டத்தையும் அவற்றுக்குள் கரைத்துவிட்டது. நடைமுறைப்படுத்த மாட்டோம் என்று அப்போது சொன்னது கேரள அரசு. புதிய ஏற்பாட்டில் தோட்டத்தையும் ஈ.எஸ்.ஐ.யில் சேர்க்கலாமாம், விருப்பம் இருந்தால். யார் விருப்பம்? முதலாளியின் விருப்பம்!

நாம் கேட்பது அரண்மனை அல்ல. தோட்டத்து ஆஸ்பத்திரியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இந்த நோயைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். எழுதப்பட்டவருக்கு எடைக் கணக்கில்லாத வேலை, நாற்றங்காலோ தரம் பிரிப்போ, அதே நாட்கூலியில் தர வேண்டும். கிளினிக் ஞாயிற்றுக்கிழமையோ மாலையிலோ நடக்க வேண்டும். தமிழ் தெரிந்த ஒருவர் அங்கே உட்கார வேண்டும். எந்தப் பக்கத்து அட்டையாக இருந்தாலும் சீட்டு எழுத வேண்டும்.

இதையே மனுவாக எழுதி, 114 பேரின் கையெழுத்தும் கைநாட்டுமாகச் சென்ற மாதம் ஓர் அலுவலகத்தில் கொடுத்தோம். தமிழில்தான் எழுதினோம். 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, அறிவிக்கப்பட்ட சிறுபான்மைப் பகுதியில் நாம் தமிழில் எழுதலாம். பதிலும் தமிழில்தான் வர வேண்டும். மூன்றாவது வாரம் பதில் வந்தது, மலையாளத்தில். சட்டத்தின் அந்தப் பிரிவைச் சிவப்பு மையில் எழுதிப் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறோம். அக்காவின் கைநாட்டு அதில் நாற்பத்தோராவது. அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அன்றைக்கு எழுத்து வரவில்லை.

இன்னும் சேராதவர்கள், நோய் கண்ட மாதமும் இப்போதுள்ள உபாதையும் குறித்து, கையில் இருக்கும் எல்லாச் சீட்டுகளின் நகலோடும் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வாருங்கள். வர முடியாதவர்கள் பக்கத்து லயத்தில் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். நாற்காலி போட்டிருக்கும், பாயும் போட்டிருக்கும், படுத்துக் கொண்டே பேசலாம்.